ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்த முன்னோரை ஆவணங்களில் தேடுவது எப்படி

பெயரை வைத்துத் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். 1860 முதல் 1911 வரை இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு மட்டும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் போன கப்பல்களின் பயணிகள் பட்டியல்களில் ராமசாமிகளும் முனியம்மாள்களும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது, கரை இறங்கியபோது கொடுக்கப்பட்ட குடியேற்ற எண்தான். முதலில் அதைப் பிடியுங்கள்.

பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வளர்க்கப்பட்ட ஏற்பாடுதான் ஒப்பந்தக் கூலி முறை. ஐந்தாண்டு ஒப்பந்தம், அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். ஆள் ஓடிவிட்டால் அடையாளம் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் உயரத்தையும் தழும்பையும் மச்சத்தையும் அவ்வளவு கவனமாக எழுதினார்கள். பட்டியலின் ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கும்போது ‘இந்தத் தகவல் யாருக்குத் தேவைப்பட்டது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதை எவ்வளவு நம்பலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். உடல் அடையாளம் எழுத்தர் கண்ணால் பார்த்து எழுதியது. வயது குத்துமதிப்பு, 20, 25, 30 என்று ஐந்தைந்தாகவே வரும், முன்னும் பின்னும் ஐந்தாண்டு விட்டுத் தேடுங்கள். சாதிக் கட்டம் இருப்பதிலேயே பலவீனமானது. ‘மலபார்’ என்று இருந்தால் பெரும்பாலும் தமிழர் என்று பொருள், ‘ஜெண்டூ’ என்றால் தெலுங்கர். இரண்டுமே சாதி அல்ல.

குடியேற்ற எண் கிடைப்பது அவர்கள் போன நாட்டில்தான், இங்கே அல்ல. ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறப்புச் சான்று ஆகியவற்றில் அது இருக்க வாய்ப்புண்டு. தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். நேராகக் கொள்ளுத்தாத்தாவிடம் தாவினால் பெயர் ஒத்த யாரோ ஒருவரைப் பிடித்துக்கொள்வீர்கள். ஒரு எச்சரிக்கை: கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் கொடுத்த எண் வேறு, போய் இறங்கிய நாட்டில் கொடுத்த எண் வேறு. ஊர் திரும்பி மறுபடியும் கப்பலேறியவர்களுக்கு இரண்டு எண்கள் இருக்கலாம்.

நேட்டாலுக்கான கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைத் தட்டச்சு செய்து இணையத்தில் கிடைக்கச் செய்தது. தட்டச்சுப் படியில் தேடலாம், ஆனால் அதை முடிவாகக் கொள்ளாதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். மொரீசியசுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம். 1860களுக்குப் பிந்தைய குடியேறிகளில் பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. பிஜிக்குச் சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். ரீயூனியனுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களைச் செயின்ட் டெனி காப்பகத்தில் ‘மத்ரிகுல்’ என்ற பதிவு எண்ணை வைத்துத் தேட வேண்டும்.

குடும்பத்தில் சொல்லும் ஆண்டைக் கப்பல்களோடு ஒத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பலான ‘ட்ரூரோ’ போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16இல். 1866இல் நின்ற ஆள் அனுப்புதல் 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. ‘1870இல் நேட்டாலுக்குப் போனார்’ என்பது நடந்திருக்க முடியாது. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கியதே 1903இல். அதற்கு முன் கல்கத்தா மட்டும்.

பெயரில் நிகழும் விபத்துகளுக்கு அளவில்லை. முனிசாமி ‘மூன்சாமி’ ஆவார். நேட்டாலில் முதலியார் ‘மூட்லி’ ஆனது, கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனது. ஆனால் கப்பல் பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் இருக்கும், பட்டப்பெயர்கள் பின்னால் சேர்ந்தவை. ‘மூட்லி’ என்று தேடினால் எதுவும் வராததற்குக் காரணம் அதுதான். பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ழகரம் லகரமாகவோ ரகரமாகவோ நிற்கும். பெயரை விடத் தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்துவதே நல்ல சான்று.

கிராமத்தைக் கண்டுபிடிக்கும்போதுதான் அதிகம் சறுக்குகிறது. ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற வரிசையிலேயே வாருங்கள். அந்தக் கால ஜில்லாக்கள் இன்றைய மாவட்டங்கள் அல்ல. வட ஆர்க்காடு என்றால் வேலூர், ராணிப்பேட்டை மட்டுமல்ல, இன்றைய ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமும் அதில் சேரும். 1910க்கு முன் கரூர் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலியில் இருந்தது, ராமநாதபுரம் ஜில்லாவே அப்போது இல்லை. திருப்பத்தூர் இரண்டு உண்டு: சேலம் ஜில்லாவில் ஒன்று, மதுரை ஜில்லாவில் ஒன்று. ஜில்லாவைப் பார்க்காமல் பஸ் ஏறினால் தவறான ஊரில் இறங்குவீர்கள். ‘ட்ரினாமலை’ என்றிருந்தால் திருவண்ணாமலை. புதூர், பாளையம் போன்ற பெயர்களுக்குத் தாலுகா இல்லாமல் தேடவே வேண்டாம். வருவாய்க் கிராமப் பட்டியலில் ஊர் இல்லையென்றால் அது குக்கிராமமாகவோ சேரியாகவோ இருக்கலாம்.

ஒரு பதிவு கிடைத்ததும் அதற்கு முன்னும் பின்னும் இருபது எண்களையாவது படியுங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து வரும். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். ஆனால் பக்கத்து எண்ணில் கணவர் என்றிருப்பவர் ஊரில் கட்டிய கணவர்தானா என்பதில் அவசரப்படாதீர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதம் விதியாக இருந்ததால் டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. தனியாகப் போன பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எழுதிவைத்த அதிகாரிகளின் குறிப்புகளும் கண்ணில் படும். அது எழுதியவரின் தீர்ப்பு, தகவல் அல்ல.

ஊருக்குப் போய்ப் பட்டாவிலும் சிட்டாவிலும் தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை. கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது, நிலமில்லாதவருக்குப் பட்டாவும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது குலதெய்வமும் பங்காளிகளின் பெயர்களும்தான். அவை தகப்பன் பெயரோடு பொருந்தினால் மட்டும் உறவு கொண்டாடுங்கள்.

முன்னோர் போனது இலங்கைக்கோ மலாயாவுக்கோ என்றால் இந்த வழி பெரும்பாலும் உதவாது. அங்கே பெரும்பாலோரை, ஆள் சேர்க்கும் மேஸ்திரியான கங்காணிதான் கூட்டிப் போனார். ஒவ்வொருவருக்கும் ஊர், தகப்பன் பெயரோடு கூடிய கப்பல் பதிவு இருக்காது. அவர்களுக்குத் தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அந்தத் தோட்டத்தின் ஆள் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.