மணலில் கலந்த உப்பைப் பிரித்தெடுப்பது எப்படி?

உப்பு தண்ணீரில் கரையும், மணல் கரையாது. இந்த வேறுபாடு ஒன்றை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

10 கிராம் உப்பு, 10 கிராம் மணல் எடுத்துக்கொள்ளுங்கள். மணலை முன்கூட்டியே நாலைந்து முறை அலசிக் காய வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் ஒட்டியிருக்கும் களிமண் வடிதாளை அடைத்துக்கொள்ளும், வடிநீரும் கலங்கலாக வரும். பின்னால் உப்புநீரைக் காய்ச்சப்போகும் பீங்கான் கிண்ணத்தின் எடையை இப்போதே குறித்து வையுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

கலவையை முகவையில் (பீக்கரில்) போட்டு, 40 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கண்ணாடிக் கோலால் மூன்று நிமிடம் கலக்குங்கள். 100 மி.லி. தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும் என்பதால் 40 மி.லி. தாராளம். சூடு ஏற்றினால் உப்பு விரைவாகக் கரையுமே தவிர, கரையும் அளவு பெரிதாக அதிகரிக்காது. தண்ணீரை அதிகம் ஊற்றினால் பின்னால் காய்ச்சும் நேரம்தான் நீளும்.

வட்டமான வடிதாளை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் மூன்று அடுக்கும் மறுபக்கம் ஓரடுக்குமாக விரித்தால் கூம்பு கிடைக்கும். அதைப் புனலில் வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டவையுங்கள். புனலின் குழாய் முனை கீழே உள்ள முகவையின் சுவரைத் தொட்டபடி இருந்தால் வடிநீர் தெறிக்காமல் வழிந்து இறங்கும்.

இனி அவசரம் வேண்டாம். மணல் அடியில் படிந்ததும், மேலே தெளிந்த நீரைக் கோல் வழியாக முதலில் ஊற்றுங்கள். மணலைக் கடைசியில் தள்ளுங்கள். மணலை முதலிலேயே கொட்டினால் தாள் அடைபட்டு வடிதல் மந்தமாகும். தாளின் விளிம்புக்கு 1 செ.மீ. கீழேயே நீர்மட்டம் நிற்கட்டும். அதைத் தாண்டினால் தாளுக்கும் புனலுக்கும் நடுவே மணல் நழுவிவிடும்.

உப்பு அதிகம் வீணாவது அடுத்த கட்டத்தில். ஈர மணலின் இடுக்கில் 3 மி.லி. கரைசல் தங்கினாலே முக்கால் கிராம் உப்பு போய்விடும். அதனால் முகவையையும் மணலையும் 5 மி.லி. தண்ணீரால் இரண்டு முறை கழுவி, கழுவிய நீரையும் வடிநீரோடு சேருங்கள். கடைசியாக விழும் சொட்டு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் பிடித்துச் சூடாக்குங்கள். வெள்ளைத் தடம் நன்றாகத் தெரிந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

வடிநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மெல்லிய தீயில் கிளறியபடி காய்ச்சுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருப்பது கட்டாயம். ஓரத்தில் வெள்ளைப் படிகங்கள் தோன்றியதும் தீயை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நேரடித் தீ பட்டால், படிகங்களுக்கு அடியில் சிக்கிய நீர் சட்டென்று ஆவியாகி, சூடான உப்பு படபடவென்று வெளியே தெறிக்கும். மீதி ஈரத்தை, கொதிக்கும் நீருள்ள முகவையின் மேல் கிண்ணத்தை வைத்து ஆவியிலேயே உலர்த்துங்கள்.

ஆறிய பிறகு எடை போட்டு, வெறும் கிண்ணத்தின் எடையைக் கழியுங்கள். 10 கிராமைத் தாண்டினால் பெரும்பாலும் ஈரம் மிச்சமிருக்கும். மறுபடி உலர்த்தி, எடை மாறாமல் நிற்கும்வரை போடுங்கள். குறைந்தால் கழுவலிலோ தெறிப்பிலோ போயிருக்கும். மணலையும் வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். அதன் எடை 10 கிராமுக்கு மேல் நின்றால், விடுபட்ட உப்பு அங்கேதான் இருக்கிறது.