புரோக்கன் ஹில், லூனன்பர்க்: இரண்டு சிற்றூர்களின் நேரத்தைப் பிசகாமல் கணக்கிடும் முறை

மயிலாப்பூரில் இருக்கும் அம்மா, ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் இருக்கும் அக்கா, கனடாவின் லூனன்பர்க்கில் இருக்கும் தம்பி ஆகிய மூவரையும் ஞாயிறுதோறும் ஒரே வீடியோ அழைப்பில் சேர்ப்பதற்காக நான் கற்றுக்கொண்ட முறை இது.

முதல் படி: ஊருக்குரிய நேர வலயத்தைத் தேடுங்கள், மாநிலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் தவறியது இங்கேதான். புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருப்பதால் சிட்னி நேரத்தை எடுத்துக்கொண்டு, "அங்கே இரவு 8 மணி, அக்கா" என்று சொல்லிவிட்டு, ஜனவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல் 2:30-க்கு இங்கிருந்து அழைத்தேன். அங்கே அப்போது 7:30 தான். அக்கா மாவு பிசைந்துகொண்டிருக்க, உள்ளறையில் கைபேசி அடித்து ஓய்ந்தது. புதுப்புடவை கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அம்மா, அரை மணி நேரம் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1883-இல் தாது கண்டறியப்பட்ட அந்தச் சுரங்க ஊருக்குத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் தலைநகர் அடிலெய்டு சுமார் 500 கி.மீ.; சிட்னியோ 1,100 கி.மீ.க்கும் அப்பால். வெள்ளியும் ஈயமும் ரயிலேறிப் போனது தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு என்பதால், கடிகாரமும் அந்தப் பக்கத்தையே பின்பற்றுகிறது. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன், பம்பாய்க்குத் தனி நேரம் இருந்தபோதும் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடியதை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கணினியின் நேர வலயப் பட்டியலில் புரோக்கன் ஹில்லுக்குத் தனிப்பதிவே உண்டு. லூனன்பர்க்குக்கு, அதே நேரத்தைப் பின்பற்றும் ஹாலிஃபாக்ஸ் நகரைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: கோடை நேர மாற்றத்தை, அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கத்தை, குறியுங்கள். புரோக்கன் ஹில்லில் அது அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும்; லூனன்பர்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடியும். ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஜனவரியில் 14:30 மணி, ஜூலையில் 12:30 மணி, இரண்டு ஊர்களிலும் கோடை நேரம் நடக்கும் சில வாரங்களில் மட்டும் 13:30 மணி வித்தியாசம். கைபேசியின் உலகக் கடிகாரம் இன்றைய மணியைச் சொல்லும், வரப்போகும் ஞாயிற்றுக்கு உதவாது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் இந்த நான்கு ஞாயிறுகளையும் சிவப்பு மையால் வட்டமிடுவதே என் பரிந்துரை.

மூன்றாம் படி: சென்னையை நடுவில் வையுங்கள். புரோக்கன் ஹில் நம்மைவிட ஜனவரியில் 5 மணி, ஜூலையில் 4 மணி முந்தி. லூனன்பர்க் முறையே 9:30, 8:30 மணி பிந்தி.

நான்காம் படி: ஊரின் இயல்பைப் பார்த்து நேரம் குறியுங்கள். ஜனவரியில் ஒருபுறம் புரோக்கன் ஹில்லில் வறண்ட நிலத்தின் கடும் வெயில். மறுபுறம், 1753-இல் உருவாகி மீன்பிடிப்பாலும் கப்பல் கட்டுவதாலும் வளர்ந்த லூனன்பர்க் துறைமுகத்தில் பனி. அக்காவுக்கு வெயில் தணிந்த இரவும் தம்பிக்கு வேலை தொடங்காத காலையும் வேண்டும் என்பதால், சென்னையில் மாலை 4:30 என்று வைத்தோம். ஜனவரியில் அக்காவுக்கு இரவு 9:30, தம்பிக்குக் காலை 7.

பிற்சேர்க்கை: பிறந்தநாள் வாழ்த்து ஒருநாள் தள்ளிப் போனதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். மணியோடு கிழமையையும் எழுதுங்கள். ஜனவரியில் லூனன்பர்க்கில் சனி இரவு 8 என்றால், புரோக்கன் ஹில்லில் ஞாயிறு காலை 10:30 ஆகிவிட்டிருக்கும்.