காசிமேட்டில் ஒரு விசைப்படகை வரைதல்

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படம் வரையப் புதிதாக வருபவர்கள், பெரும்பாலும் முழுத் துறைமுகத்தையும் ஒரே தாளில் அடைக்கப் பார்த்துக் களைத்துவிடுகிறார்கள். ஒரு படகு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் கட்டிக் கிடப்பதால், பாதி வரைந்த படகு மறுநாள் காணாமல் போகாது. காலையில் சூரியன் கடலுக்கு மேல் நிற்பதால், கரையிலிருந்து பார்க்கையில் படகுகள் கருநிழல்களாகவே தெரியும். மாலை நான்கு மணிக்குமேல் ஊர்ப்பக்கத்திலிருந்து வெயில் விழும்போதுதான் அவற்றின் வளைவுகள் புலப்படும்.

முதல் கால் மணி நேரம் பென்சிலைத் தொடாமல், எது உங்களை அந்த இடத்தில் நிறுத்தியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். எனக்கு ஒருமுறை அது, நீல வண்ணம் உரிந்த பக்கப்பலகையில் தொங்கிய பழைய டயர்களும் அவற்றின் சாய்ந்த நிழல்களுமாக இருந்தது.

அடுத்து, தீப்பெட்டி அளவில் ஐந்தாறு சிறு படங்களை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல், வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றே சாயல்களில் போடுங்கள். நான் மிக அதிகமாக வலியுறுத்துவது இந்தப் படியைத்தான்; தீப்பெட்டியில் நிற்காத படம் பெரிய தாளிலும் நிற்பதில்லை.

தேர்ந்த ஒன்றை ஏ3 கார்ட்ரிட்ஜ் தாளுக்கு மாற்றும்போது, முதலில் படகை ஒரு பெட்டியாக மெல்லிய கோட்டில் அமைத்து, அதற்குள் வளைவுகளைக் கொண்டுவாருங்கள். கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, படகின் உயரம் நீளத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பென்சிலால் அளந்துகொள்வது அவசியம். ஏனெனில் படகு நீளமானது என்று நமக்குத் தெரிந்திருப்பதால், நம்மை நோக்கித் திரும்பி நிற்கும் படகையும் நம் கை நீளமாகவே வரைந்துவிடும். எனது ஆரம்பகாலப் படம் ஒன்றைப் பார்த்த, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அணியத்த இன்னும் தூக்குப்பா, இப்டி இருந்தா தண்ணி உள்ள வந்துடும்" என்றார். நான் அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், உயரத்தை அளக்காமலேயே விட்டிருந்தேன்.

கோடுகளுக்கு எச்பி, நடுச்சாயலுக்கு 2பி, ஆழ்ந்த கறுப்புக்கு 6பி பென்சில்களைப் பயன்படுத்தலாம். டயர்களின் உட்புறம், படகு நீரைத் தொடும் விளிம்பு ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே முழுக் கறுப்பை இட்டேன். வலைக் குவியலில் ஒவ்வொரு கண்ணியையும் வரைய வேண்டியதில்லை. வெயில் படும் ஓரத்தில் சிலவற்றைத் தெளிவாகக் காட்டி, மற்றதைச் சாயலாக விட்டால் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். கடற்காற்றுக்கு நான்கு கிளிப்புகள் தேவை.

மறுநாள் வீட்டில் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். முந்தைய மாலை தெரியாத சாய்வு உடனே தெரியும். அதைத் திருத்திய பின்னரே படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதுங்கள். எழுத்துகளைச் சம அகலத்தில் நேராக எழுதினால் வளைந்த பலகை தட்டையாகிவிடும். அருகிலுள்ள எழுத்தை அகலமாகவும், பலகை விலகி வளைய வளைய அடுத்தடுத்தவற்றை ஒடுக்கியும் எழுத வேண்டும்.