புளியமரத்து ஆர்க்கிட்: பெங்களூரைச் சுற்றித் தேடுவதும் படம் எடுப்பதும்

23 வருஷம் சிவாஜிநகரில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்தவன் நான். குறுக்கே பத்து செல்போன் நீண்டிருந்தாலும் தாலி முடிச்சைத் தவற விட்டதில்லை. ஆனால் மாகடி பக்கத்தில் ஒரு புளியமரத்தில், 15 அடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்த வாண்டா என்ற காட்டு ஆர்க்கிட் பூவை முதல்முறை எடுக்கப் போனபோது 60 படத்தில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. அதற்கப்புறம் ஆறு பங்குனி போய்விட்டது. இப்போது ஓரளவு கை வந்திருக்கிறது. என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

ஆர்க்கிட் என்றதும் ரிசப்ஷன் மேடையில் சொருகியிருக்கும் ஊதாப்பூதான் பலருக்கு ஞாபகம் வரும். அது பண்ணைச் சரக்கு. காட்டு ஆர்க்கிட் வேண்டுமென்றால் குடகு, ஆகும்பே என்று கிளம்ப வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அவசியமில்லை. மாகடி, கனகபுரா, ராமநகரம் பக்கத்துக் கிராமங்களில் வயதான புளியமரமோ மாமரமோ கண்ணில் பட்டால் வண்டியை ஓரம் கட்டி அண்ணாந்து பாருங்கள்.

பார்க்கும்போது பூவைத் தேடாதீர்கள், வேரைத் தேடுங்கள். பூ இருக்கப்போவது சில வாரம்தான். வேர் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறது. மரப்பட்டை மேல் பென்சில் தடிமனுக்கு வெள்ளி நிறத்தில் நெளிந்து ஓடும், சில வேர் கிளையை விட்டு அந்தரத்திலும் தொங்கும். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு உறை உண்டு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிற்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. நனைந்தால் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிய ஆரம்பித்துவிடும், பட்டையோடு பட்டையாகக் கலந்துவிடும். அதனால் மழை பெய்த மறுநாள் தேடப் போகாதீர்கள். நான் தை, மாசியிலேயே போய்விடுவேன். காலை எட்டு மணி வெயில் சாய்வாக விழும்போது அந்த வெள்ளிக் கோடுகள் தூரத்திலிருந்தே மின்னும். மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பங்குனியில் திரும்பப் போனால் போதும்.

புல்லுருவியைப் பார்த்து ஏமாறாதவர்கள் இல்லை. ஊர்க்காரர்களும் இரண்டையும் ஒரே பேரில்தான் சொல்வார்கள், கன்னடத்தில் பந்தளிகெ. வாண்டா என்ற பேருக்கு மூலமான சமஸ்கிருதச் சொல்லிலேயே இந்தக் குழப்பம் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் குத்தி நுழைந்து சாற்றை உறிஞ்சும், அது ஒட்டிய இடத்தில் கிளை புடைத்திருக்கும். ஆர்க்கிட் மரத்தை உட்காரும் திண்ணையாக மட்டும்தான் வைத்திருக்கிறது. வெள்ளி வேர் வெளியே தெரிந்தால் ஆர்க்கிட். இதைத் தோட்டக்காரர்களுக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள், புல்லுருவி என்று நினைத்து வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் எனக்கு அதிகம் கிடைப்பது இரண்டு ஜாதி. ஒன்று வாண்டா டெசலேட்டா. நீளமான, மடித்த நாடா மாதிரி இலை, இரண்டு பக்கமும் வரிசையாக வளைந்து இறங்கும். பூ நாலைந்து சென்டிமீட்டர் அகலம். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் பழுப்புக் கட்டம் போட்டிருக்கும், அசல் கட்டம் போட்ட கைலிதான். டெசலேட்டா என்றாலே கட்டம் போட்டது என்றுதான் அர்த்தம். நடுவில் இருக்கும் உதடு மட்டும் நீலமோ ஊதாவோ. இதழின் பின்பக்கம் வெள்ளை. பக்கத்தில் போனால் நல்ல வாசனை. இன்னொன்று அகாம்பே பிரீமார்சா. இதன் இலை தடித்துக் குட்டையாக இருக்கும், நுனியை யாரோ கடித்துத் துப்பிய மாதிரி இருக்கும், பேரும் அதைத்தான் சொல்கிறது. பூ ஒரு சென்டிமீட்டர்தான், மஞ்சளில் செம்பழுப்புப் பட்டை, கொத்தாக இருக்கும். கீழே நின்று பார்த்தால் காய்ந்த சருகு என்று தாண்டிப் போய்விடுவீர்கள். ஒரு பைனாகுலர் கையில் இருக்கட்டும், 8 மடங்கு காட்டுவது போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக முடிந்தவர்களுக்கு மாசியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். டெண்ட்ரோபியம் பார்பட்டுலம் இலையெல்லாம் உதிர்ந்த காய்ந்த குச்சியில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாம்பழ மழை அடித்த பிறகு, வைகாசியை ஒட்டி, குடகுப் பலாமரங்களில் நரிவால் மாதிரி தொங்குவது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. மலைநாட்டில் அதை சீதாளெ தண்டெ என்பார்கள், சீதை தலையில் சூடிய பூ என்று கதை. தரையில் முளைக்கும் ஜாதிகளில் பெரும்பாலானவை மழைக்காலத்துக்காரர்கள், அவர்களை இதில் இழுக்கவில்லை.

ஒரு முக்கியமான விஷயம், கேட்காமல் யார் தோட்டத்துக்குள்ளும் நுழையாதீர்கள். மரத்தை அண்ணாந்து பார்த்து நோட்டில் எழுதுகிற ஆளைப் பார்த்தால் கிராமத்தில் என்ன நினைப்பார்கள்? நான் சொன்ன அந்தப் புளியமரத்துக்குச் சொந்தக்காரர் ஒரு அஜ்ஜி, நம்ம ஊர் பாட்டி. முதல் நாளே கையில் துடைப்பத்தோடு வந்து, ரோடு அகலம் பண்ண மரத்துக்கு நம்பர் போட வந்தாயா என்று கேட்டார். கேமராவைக் காட்டி, பைனாகுலரைக் கையில் கொடுத்து பூவைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் துடைப்பம் கீழே இறங்கியது. 50 வருஷமாக அந்த மரத்தடியில் இருக்கிறவர், அந்தப் பூவைப் பக்கத்தில் பார்த்ததில்லை என்றார். வனத்துறைக் காடு என்றால் பேச்சே வேறு, அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. செடியைப் பிய்த்து வருவது எங்கேயும் கூடாது. ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும், காட்டுச் செடி, விலங்குகளின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது.

சரி, கேமராவுக்கு வருவோம். மரம் ஏற வேண்டாம். நான் ஒருமுறை மாமரத்தில் ஏறி முசுறுக்கூட்டில் கை வைத்து, இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. தரையில் நின்றே 70-300 லென்ஸில் எடுக்கலாம். தாழ்ந்த கிளையில் பூத்திருந்தால் பக்கத்தில் வைத்து எடுக்கும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். அது இல்லாதவர்கள் போனிலேயே இரண்டு மடங்கு ஜூம் வைத்து ஒரு முழம் தள்ளி நின்று எடுங்கள். மூக்கு முட்டப் பக்கத்தில் போனால் போனின் நிழலே பூமேல் விழும்.

காற்றுதான் முதல் எதிரி. வெயில் ஏற ஏற காற்றும் ஏறும், ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். கேமராவின் ஒளி உணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ 800, 1600 போனாலும் கவலை இல்லை, கொஞ்சம் மணல் விழுந்த படத்தைச் சரி பண்ணலாம், ஆடிய படத்தை யாராலும் சரி பண்ண முடியாது. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8 முதல் 11 வரை; எண் கூடினால் திறப்பு சிறிதாகும், முன்னும் பின்னும் தெளிவாக வரும். வாண்டா பூ தட்டை இல்லை, உதடு முன்னால் நீட்டியிருக்கும். எஃப் 2.8-ல் எடுத்தால் உதடு மட்டும் தெரியும், கட்டம் போட்ட இதழ் கரைந்துவிடும்.

இரண்டாவது எதிரி வானம். கீழிருந்து மேலே எடுக்கும்போது பின்னால் வெள்ளை வானம் நிற்கும், கேமரா ஏமாந்து பூவைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். அதைவிட நல்லது, இரண்டடி நகர்ந்து பின்னால் அடிமரமோ இலைக்கூட்டமோ வரும்படி நிற்பது. ஃப்ளாஷை நேராக அடித்தால் தடித்த இதழ் எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும், ஃப்ளாஷ்மேல் டிரேசிங் பேப்பர் கட்டுங்கள். தாழ்ந்த கிளைக்கு நான் ஃப்ளாஷே எடுப்பதில்லை. மண்டபத்தில் மிச்சமான ஒரு தெர்மோகோல் அட்டை, அதைக் கீழே பிடிக்க என் மச்சான், அவ்வளவுதான். மேலே வெயில் சுள்ளென்று விழுந்தால் குடை.

இலை நிழலில் எல்லாமே பச்சை அடிக்கும், ஊதா உதடு நீலமாக மாறிவிடும். கல்யாணப் பத்திரிகைக் கவரின் வெள்ளைப் பின்பக்கத்தைப் பூ பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் கலர் சரி பண்ணலாம். பூவைக் கையால் திருப்பாதீர்கள். நடுவில் மகரந்தம் தூளாக இல்லாமல் கட்டியாக இருக்கும், பட்டால் விரலோடு ஒட்டி வந்துவிடும். எனக்கு ஒருமுறை வந்தது, மஞ்சளாக, குண்டூசித் தலை அளவு. வண்டுக்கோ தேனீக்கோ போக வேண்டிய சரக்கு.

முதல் வருஷம் பூ முகத்தை மட்டும் நாற்பது கோணத்தில் எடுத்து, தாவரவியல் படித்த ஒருவரிடம் காட்டினேன். இலை எங்கே, பூவின் பின்பக்கம் எங்கே, என்ன மரம் என்று கேட்டார். எதுவும் இல்லை. மாப்பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டுப் பெண்ணை விட்டுவந்த கதைதான். இப்போது ஒவ்வொரு செடிக்கும் முழுச்செடி, இலை நுனி, வேர், பூ முன்னால், பூ பக்கவாட்டில், பூந்தண்டு, மரப்பட்டை என்று எடுக்கிறேன். பக்கவாட்டுப் படம் கட்டாயம், உதடு எப்படி வளைகிறது, பின்னால் வால் மாதிரி குழல் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

படத்தை வெளியே போடும்போது இடத்தைச் சொல்லாதீர்கள், போனில் லொகேஷனையும் அணைத்துவிடுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது வருஷம் ஒரு கோயில் மாமரத்தை ஊர் பேரோடு போட்டேன். அடுத்த பங்குனியில் போனபோது நான்கு செடி இருந்த கிளையில் வேர் உரிந்த தழும்புதான் இருந்தது. விற்கத்தான் எடுத்தார்களோ, வீட்டு மாடியில் வளர்க்க எடுத்தார்களோ. செடி, விலங்குப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான இணையதளங்களில் லொகேஷனை மறைத்துப் போடும் வசதி இருக்கிறது, நான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் வைக்கிறேன்.

அஜ்ஜியின் புளியமரம் பத்திரமாக இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது பூந்தண்டு சுண்டுவிரல் நீளம் வந்திருந்தது, ஏழு மொட்டு. யுகாதிக் கூட்டம் முடிந்து பஸ் கொஞ்சம் காலியானதும் போகலாம் என்று இருக்கிறேன். போகும்போது ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி எடுத்துப் போக வேண்டும். அவருக்குப் பூ படம் வேண்டாமாம், மரம் முழுசாகத் தெரிய வேண்டுமாம், கீழே அவர் நிற்க வேண்டுமாம்.