கொழும்பில் கடை வாங்குமுன் சனத்தை எண்ணுவதில் விடும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வத்தளையில் கடைத்தொகுதி வாங்கப் போவதாகக் கணக்கோடு வந்தார். "அண்ணே, அங்கே சனம் கூடிக்கொண்டே போகுது" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். உறுதிப்பத்திரம் பார்ப்பது, வட்டி பார்ப்பது எல்லாம் அவருக்கே தெரியும், அவற்றை விடுவோம்.

வீட்டை எண்ணி ஆளை எண்ணியதாக நினைப்பது

என் காசைத் தின்ற தவறு இது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் ஒரு புதுத் தொடர்மாடி. 48 வீடும் விற்றுத் தீர்ந்திருந்தன. வீட்டுக்கு நாலு பேர், பால்மா, மரக்கறி, மருந்து என்று பெருக்கிப் பார்த்துக் கீழ்த்தளக் கடையை வாங்கி, பலசரக்குக்கு வாடகைக்கு விட்டேன். ஆறாம் மாதம் கடைக்காரர் சாவியை நீட்டினார். அன்றிரவு எட்டு மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று எண்ணினேன். 17 வீட்டில்தான் வெளிச்சம். மிச்சமெல்லாம் லண்டன், டொரன்டோவில் இருப்பவர்கள் வாங்கிப் பூட்டி வைத்தவை. ஓகஸ்டில் வந்து மூன்று கிழமை நின்றுவிட்டுப் போவார்கள். விற்ற வீடு வேறு, உலை வைக்கும் வீடு வேறு.

இப்போது ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும் இரவில் போய் வெளிச்சம் எண்ணுகிறேன். காலை ஆறரைக்கு எத்தனை ஸ்கூல் வேன் நிற்கிறது என்று பார்க்கிறேன். எத்தனை வீட்டிலிருந்து குப்பை இறங்குகிறது என்று வாசல் செக்யூரிட்டியைக் கேட்டால் சரியாகச் சொல்வார். வாக்காளர் இடாப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெளிநாடு போனவர் பெயரும் அதில் கிடக்கலாம். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள்.

மாவட்ட எண்ணை வைத்துத் தெருவை வாங்குவது

2024 குடிசன மதிப்பீட்டில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தை முந்திவிட்டது. அங்கே 24 இலட்சத்துக்கு மேல், இங்கே 23 இலட்சத்துச் சொச்சம். தம்பி காட்டியதும் இதைத்தான். ஆனால் கம்பஹா என்றால் வத்தளையும் வரும், மீரிகமவும் வரும். பிரதேச செயலகப் பிரிவுக்கு, முடிந்தால் கிராம சேவகர் பிரிவுக்கே இறங்கிப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் இருவரும் ஒரு இரவு போய் நிற்பதாக இருக்கிறோம்.

பகல் சனத்தை மறப்பது

புறக்கோட்டைக் கடைகள் அங்கே தூங்குபவர்களை நம்பி நடப்பதில்லை. பகல் சனம் ஒரு அலுவலகத்தோடு வரும், அதோடேயே போகும். கடவுச்சீட்டு அலுவலகம் புஞ்சி பொரளையிலிருந்து பத்தரமுல்லைக்குப் போனது; போட்டோகொப்பி எடுக்க வந்த கூட்டமும் கூடவே போனது. புறக்கோட்டையில் இருந்த மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போனதும் அப்படித்தான்.

முந்திய 2012 குடிசன மதிப்பீட்டு எண்ணிக்கையை இன்னும் தூக்கிக்கொண்டு திரிவது

வேண்டாம்.