அறையையும் ஆளையும் சேர்த்தே புக் பண்ணுங்கள்

ஷிஃப்ட் பட்டியல் ஒரு எக்செல் ஷீட்டில், அறை புக்கிங் வேறொரு நோட்டில் என்று இருந்தால் ஆள் வந்து நிற்பார், அறை கிடைக்காது. இல்லையென்றால் அறை சும்மா கிடக்கும், அதில் வேலை பார்க்க வேண்டியவர் லீவில் இருப்பார். இதற்குப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். அவுட்லுக், கூகுள் காலண்டர் இரண்டிலுமே, அலுவலகக் கணக்காக இருந்தால், அட்மின் ஒவ்வொரு அறையையும் தனி ரிசோர்ஸாகச் சேர்த்துவிடலாம், அப்புறம் மீட்டிங்குக்கு ஆட்களை அழைப்பது போலவே அறையையும் அழைக்க வேண்டியதுதான். அவுட்லுக்கில் ‘ஷெட்யூலிங் அசிஸ்டென்ட்’டைத் திறந்தால் அழைக்கும் ஆட்களின் நேரமும் அறையின் நேரமும் வரிசையாகத் தெரியும், எல்லாமே காலியாக இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம்.

பலரும் கோட்டை விடுவது நேர அளவில்தான். உதாரணமாக, ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு 45 நிமிட வேலை என்றால் அறைக்கு 60 நிமிடம் வேண்டும், ஏனென்றால் விரிப்பு மாற்றணும், துடைக்கணும், கருவியை எடுத்து வைக்கணும். அந்தக் கூடுதல் 15 நிமிடத்தை அறையின் பெயரில் மட்டும் தனியாகப் போடுங்கள். ஆள் அந்த நேரத்தில் குறிப்பு எழுதட்டும், அடுத்த அறைக்குப் போகட்டும்.

வாராவாரம் தானாக வரும் புக்கிங்குக்கு முடிவுத் தேதி கட்டாயம் கொடுங்கள். ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் பெயரில் செவ்வாய்க்கிழமை அறை பூட்டியே கிடப்பது அந்தத் தேதி இல்லாததால்தான். லீவு போடுபவரே தன் அறையையும் விடுவிக்கணும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.