இறைச்சி மாடு வளர்ப்பு: காளை தேடும் முன் செய்ய வேண்டியவை

தெமட்டகொடையில் குடியிருந்துகொண்டு, மாதம்பைப் பக்கம் குடும்பத் தென்னந்தோட்டத்தில் மாடு வளர்க்கிறேன். வாரக் கடைசியில் அங்கேதான் இருப்பேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் "எந்த இனக் காளை நல்லது நானா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. கொட்டகை, தடுப்பூசி எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவற்றை விடுகிறேன்.

1. யாருக்கு விற்கிறீர்கள்?

இறைச்சிக்கடைக்காரர் எந்த மாதமும் வாங்குவார், எடைதான் அவருக்கு முக்கியம். உழ்ஹிய்யாவுக்கு (ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு) வாங்குகிறவருக்கு 2 வயது பூர்த்தியான, நொண்டலோ மெலிவோ இல்லாத மாடு வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் வருடாவருடம் சுமார் 11 நாள் முன்னே வரும், சினைக்காலம் சுமார் 283 நாள். இரண்டையும் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். என் குறிக்கோள் இவ்வளவுதான்: பசுவுக்கு வருடம் ஒரு கன்று, 2 வயதில் சதைப்பிடிப்புள்ள நாம்பன் (இளங்காளை). உங்களுடையதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ஓர் உயரமான காளையைக் கண்டதும் மனம் மாறிவிடும்.

2. உங்கள் புல் எவ்வளவு தாங்கும்?

பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர் தீவனம் (தண்ணீரைக் கழித்த எடை) தின்னும். 250 கிலோ பசுவுக்கு 6 கிலோ, 400 கிலோ பசுவுக்கு 10 கிலோ என்று வையுங்கள். பச்சைக் கினிப்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே பெரிய பசுவுக்கு தினமும் 40 கிலோ வெட்ட வேண்டும். எங்கள் மந்தையில் மிகப் பெரியது ஒரு சாஹிவால் (பாகிஸ்தான், இந்தியப் பக்கத்துப் பால் மாட்டினம்) கலப்புப் பசு. ஆகஸ்ட் வறட்சியில் அதன் விலா எலும்பை எண்ணலாம். கன்று போட்டு ஒரு வருடம் தாண்டியும் காளைக்கு வரவில்லை. அதே புல்லைத் தின்ற சின்ன நாட்டுப் பசு மறுபடி சினையாகிவிட்டது.

3. உயரம் அளத்தல்

காளை பார்க்குமுன் உங்கள் மாடுகள் எவ்வளவு பெரியவை என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் உயரம் அளப்பது. நான் தடுமாறியது இங்கேதான். முதல் தடவை திமிலுக்குப் பின்னால், தோளில் அளந்தேன். அளக்க வேண்டிய இடம் பின்பக்கம்: இரண்டு இடுப்பெலும்பு முனைகளும் துருத்திக்கொண்டு நிற்குமே, அவற்றுக்கு நேர் நடுவே, முதுகெலும்பின் மேல். தோட்டத்து மணலில் அளக்காதீர்கள். குளம்பு புதைந்து ஓர் அங்குலம் குறையும். தண்ணீர்த் தொட்டியருகே சீமெந்துத் தரையில் நான்கு காலும் சமமாக நிற்கட்டும், தலை குனியக் கூடாது. அளவுகோலின் குளிர்ந்த இரும்பு பட்டதும் மாடு முதுகை நெளித்துத் தாழ்த்தும். முதலில் கையால் தடவி, முதுகு பழையபடி வந்த பிறகு அளவைப் பாருங்கள். மூன்று முறை அளந்தால் நல்லது.

துணி டேப் வேண்டாம், அது இழுபடும். கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சட்டமும் ஒரு சின்ன இரசமட்டமும் (மட்டம் பார்க்கும் கருவி) வாங்கி, முதுகில் படிய ஒரு குறுக்குக் கை வைத்து ஒட்டி அளவுகோல் செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷன் கணக்கில் 12 மாத நாகு (கன்று போடாத இளம்பசு) 47 அங்குலம், நாம்பன் 49 அங்குலம் இருந்தால் ஃபிரேம் ஸ்கோர் (வயதுக்கேற்ற உயரத்தைக் காட்டும் புள்ளி) 5. ஏறக்குறைய 2 அங்குலத்துக்கு ஒரு புள்ளி கூடும், குறையும். நம் நாட்டு மாடு பெரும்பாலும் 1ஐ எட்டாது. அது குறையல்ல. உங்கள் மாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் இந்த எண்.

4. இப்போது காளை

உயரம் பிள்ளைகளுக்கு நன்றாகவே இறங்கும், சினைபிடிக்கும் தன்மை கொஞ்சம்தான் இறங்கும். அதனால் உடல் அளவைக் காளையில் தேடுங்கள். சினைபிடிப்பைக் கலப்பினத்தாலும், வருடம் தவறுகிற பசுவைக் கழிப்பதாலும் கொண்டுவாருங்கள். சின்னப் பசுவுக்கு மிகப் பெரிய காளையைப் போட்டால் கன்று வழியில் சிக்கும், முதல் ஈற்றில் இன்னும் ஆபத்து. நான் பசுவை விட ஃபிரேம் ஸ்கோரில் ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு புள்ளி பெரிய காளையோடு நிறுத்திக்கொள்வேன். செயற்கைமுறைச் சினைப்படுத்தல் என்றால் அந்தக் காளையின் கன்றுகள் பிறக்கும்போது என்ன எடை என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: பிறந்த திகதி தெரியாத மாட்டுக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். முன் கீழ்த்தாடையில் முதல் சோடி நிலைப்பல் சுமார் 2 வயதில் வரும். ஆனால் ஃபிரேம் ஸ்கோருக்கு வயது நாள் கணக்கில் வேண்டும், பல் கணக்கு போதாது. அந்த மாட்டுக்கு உயரத்தை மட்டும் எழுதுங்கள். இனிப் பிறக்கும் கன்றுக்குத் திகதியை அன்றைக்கே குறியுங்கள்.